ஓஸ்திப் பேப்பர்

எத்திராஜ் பிளக்கைப் பிடுங்கியபோது மணி ஒன்பது பத்து.

"இன்னாபா இது, ஒரே பாக்ஸ்ல ஏழு ஒயரு சொருவி வெச்சிக்கினு கீறீங்க? இது வூடா, ஈ.பி. ஆபீஸா?" என்று கூடத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டான்.

கூடம் பதில் சொல்லும் நிலையில் இல்லை. முந்தின நாள் வந்த ஐஸ் பெட்டியின் மோட்டார் விடிந்ததும் நின்றுபோனது. உள்ளே படுத்திருப்பவருக்குத் துணையாகப் போய்விட்டது என்று ராயபுரம் கல்மண்டபம் பக்கம் அந்தச் சந்தில் ஒரு பேச்சு கிளம்பியது. எத்திராஜ் வண்ணாரப்பேட்டையிலிருந்து மாற்றுப் பெட்டியோடு வந்திருந்தான். மாற்றுப் பெட்டிக்கு ஒயர் குட்டை. அது எட்டக்கூடிய ஒரே பாயிண்ட், மூலையில் கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் இருந்தது.

ஏழு ஒயர்களும் வெளியே வந்தன. பெட்டி உறுமியது. பெண்கள் ஜெபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். மேசைக்கு மேலே, சுவரில் திருகியிருந்த சின்ன காமிராவின் பச்சை விளக்கு அணைந்தது. அதைப் பார்த்தது பிராங்கிளின் ஒருவன்தான். பார்த்தானே ஒழிய ஒன்றும் தோன்றவில்லை. அப்பா போனபிறகு காமிரா விழித்திருந்து என்ன செய்யப்போகிறது?

பெட்டிக்குள் இருந்தவர் அருள்நாதன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். ரிட்டையர் ஆன மறுவாரம் ரிச்சி தெருவில் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி வந்து, தானே பூட்டி, அதன் முன் ஏறி உட்கார்ந்தார். ஆமாம், ஏறித்தான். நாற்காலியில் உட்காரும்போதும் வலது கை பக்கத்தில் ஏதோ லீவரைத் தேடும்.

பிராங்கிளின் அவருடைய இளைய மகன், கல்லூரியில் மூன்றாம் வருஷம். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, பையன் காலேஜ் போகிறான் என்ற இரண்டையும் கூட்டி, அவன் கம்ப்யூட்டர் படிக்கிறான் என்று தெரு முடிவு கட்டியிருந்தது. அவன் படித்தது தாவரவியல். தெருவை ஏமாற்ற மனமில்லாமல் அவன் அதைச் சொன்னதில்லை.

அப்பாவிடம் அவனுக்குப் புரியாத ஒரு வழக்கம் இருந்தது. தினம் சாயங்காலம் ஐந்து இருபத்தைந்துக்கு முகம் கழுவி, தலை சீவி, இஸ்திரி போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொள்வார். வெளியே எங்கும் போகமாட்டார். கம்ப்யூட்டருக்கு எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து பேப்பரை விரிப்பார். அந்த இடத்தில் காற்றாடிக் காற்று எட்டாது. வெளிச்சமும் அரைகுறை. காலையிலேயே படித்து முடித்த பேப்பர். அரைமணி நேரம் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பமாட்டார். சரியாக ஆறு மணிக்குப் போன் இரண்டு முறை அடித்து நின்றுபோகும். "ராங் நம்பர்" என்பார், யாரும் கேட்காமலே. பேப்பரை மடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

"எங்க நைனா டெய்லி அஞ்சரைக்கு ஜட்ஜ் ஆயிடுவாரு மச்சி" என்று பிராங்கிளின் கேண்டீனில் சொல்வான். இதற்கு அவனிடம் மூன்று விளக்கங்கள் இருந்தன. மூன்றுமே நல்ல சிரிப்பு வாங்கித் தந்தவை. உண்மையான விளக்கத்தை அவரிடம் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் மூன்றும் வீணாகிவிடுமே.

நேற்று ஆறு மணிக்கும் போன் இரண்டு முறை அடித்து நின்றது. உள்ளறையில் படுத்திருந்தவன், அடுத்து வரவேண்டிய இரண்டு வார்த்தைகளுக்காகத் தன்னையறியாமல் காத்திருந்தான். வரவில்லை. அதனால்தான் எழுந்துபோய்ப் பார்த்தான்.

மாற்றுப் பெட்டி குளிரத் தொடங்கியபோது போன் மறுபடி அடித்தது. இந்த முறை இரண்டோடு நிற்கவில்லை.

"டேய் பிராங்கி, காமிரா ஏண்டா ஆஃப் ஆயிருச்சி?"

அக்கா. ஜெசிந்தா. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாஸ்போர்ட் ஆஸ்பத்திரிக்காரர்களின் பீரோவில் இருந்தது. பீரோ மார்ச் மாதம்தான் திறக்கும். இது அக்டோபர்.

"கரண்ட் பாயிண்ட பெட்டிக்குக் குடுத்துட்டாங்கக்கா."

"எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?"

"நாலு மணிக்குக் கோயிலு. அங்கேர்ந்து காசிமேடு கல்லற."

அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டி உருண்டுபோகும் சத்தம் கேட்டது.

"எனக்கு இன்னிக்கி லீவு இல்லடா. வார்டு கம்ப்யூட்டர்ல பாத்துக்கன்னு சிஸ்டர் வுட்டுட்டாங்க. நாலு மணிக்குள்ள நைனா மொகத்த ஒரு தபா பாக்கணும். அவ்ளோதான். வேற ஒண்ணும் கேக்கல."

"அதுக்கு இன்னாக்கா, தோ இப்பவே போட்டுர்றேன்" என்றான் பிராங்கிளின். பிளக்கைச் சொருகினால் விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் வேலை நடக்கும் என்று நம்பியிருந்தான்.

சமையலறை மிக்சி பாயிண்டிலிருந்து நீள ஒயர் இழுத்தான். கம்ப்யூட்டர் விழித்தது. மோடத்தில் நான்கு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காமிரா பச்சை காட்டியது. பத்து நிமிஷம் கழித்து அக்கா மறுபடி பேசினாள்.

"இல்லடா. 'பக்கம் கிடைக்கவில்லை'ன்னு வருது."

"விளக்கு எரியுதேக்கா."

"எனக்கு விளக்கா வேணும்?"

*

செல்வநாதன் கோயில் தெருவில் ஆறு தடுப்புள்ள பிரவுசிங் சென்டர் நடத்துபவன். துக்கம் விசாரிக்க வந்தவனை பிராங்கிளின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனான். செல்வநாதனின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. மோடத்தைப் பார்த்ததும் காய்ந்துவிட்டன.

"ஒண்ணுமில்ல பிராங்கி. வூட்டு நம்பர் மாறிப்போச்சு."

"எந்த வூட்டு நம்பரு?"

"இன்டர்நெட்ல ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு நம்பர் கீது. மோடத்த ஆஃப் பண்ணிட்டுப் போட்டா டெலிபோன்காரன் வேற நம்பர் குடுத்துருவான். ஒங்க நைனா பேரு வாங்கி வெச்சிக்கிறாரு இல்ல, அருளில்லம் டாட் காமுன்னு? அந்தப் பேரு இன்னும் பழைய நம்பரத்தான் காட்டிக்கினு கீது. ஒங்கக்கா பேரப் போட்டா, போஸ்ட்மேன் பழைய வூட்டாண்ட போய்க் கதவத் தட்டிக்கினு நிக்கறான்."

பெயர் விஷயம் பிராங்கிளினுக்குத் தெரியும். அது வாடகை வீடு. வாசலில் 'அருள் இல்லம்' என்று பலகை மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் வந்து இன்டர்நெட்டில் மாட்டிவிட்டார்.

"அப்ப புது நம்பரயே அக்காவாண்ட சொல்லிட்டா?"

"சொல்லு. அதுவும் தொறக்கும்."

சொன்னார்கள். புள்ளி வைத்து புள்ளி வைத்து நான்கு துண்டாக. அக்கா ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லி அடித்தாள். பிறகு சொன்னாள், "இங்க நம்பர் போட்டா தொறக்காதுடா. பேரு மட்டும்தான். கம்ப்யூட்டர் பாத்துக்கற அமீருதீன் பாய் நைனா பேர மட்டும் லிஸ்ட்ல சேத்து வுட்டாரு. அவரு இன்னிக்கி லீவு. வெள்ளிக்கெழம."

செல்வநாதன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப அந்தப் பேர வித்த ஹோஸ்டிங் கம்பெனி சைட்டுக்குள்ள போயி நம்பர மாத்தணும். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்ட பேப்பர் ஒண்ணு குடுத்திருப்பான். அந்த ஹோஸ்டிங் பேப்பரத் தேடு."

தேடினான். மேசை இழுப்பறையில் வாரண்டி கார்டுகள், பென்ஷன் சீட்டுகள், செத்துப்போன மவுஸ் இரண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டை பிராங்கிளின் முன்பே பார்த்திருந்தான். பக்கம் பக்கமாக எண்கள், பக்கத்தில் தேதி. லாட்டரியை அரசாங்கம் நிறுத்தி நாலு வருஷம் ஆகியும் நைனா விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தான். அம்மாவிடம் போட்டுக்கொடுக்காமல் இருந்ததைத் தன் பெருந்தன்மை என்றுகூட எண்ணியதுண்டு.

செல்வநாதன் பக்கங்களைப் புரட்டினான். பிறகு மெதுவாகப் புரட்டினான்.

"பிராங்கி, இதெல்லாம் இந்த வூட்டு நம்பருடா."

"எல்லாமா?"

"கரண்ட் போய் வந்த ஒவ்வொரு தபாவும் புது நம்பர எழுதி, உள்ள பூந்து மாத்திக்கிறாரு. இத்தப் பாரு, போன வெள்ளிக்கெழம மட்டும் மூணு தபா. இதுக்கு சாப்ட்வேரு கீது, தானா மாத்திக்கும். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவர் யாரிடமும் கேட்கமாட்டார். முப்பத்திரண்டு வருஷம் தரையிலிருந்து அறுபதடி உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு, பக்கத்தில் ஆள் இருக்கும் என்பதே ஞாபகம் வராது.

நோட்டின் முதல் பக்கத்தில், அச்சுப்போன்ற கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'டி.டி.எல். 300. அதாவது உலகம் பழைய நம்பரை மறக்க ஆகும் நேரம். 5 நிமிஷம்.'

"ஷோக்கா வெச்சிக்கிறாரு" என்றான் செல்வநாதன். "சும்மா வுட்டா ஒரு நாளு ஆகும், ரெண்டு நாளு ஆகும். இவரு அஞ்சி நிமிசமா கொறைச்சி வெச்சிக்கிறாரு. பாஸ்வேர்டு மட்டும் கெடச்சா போதும்."

பாஸ்வேர்டு நோட்டில் இல்லை.

*

கம்பெனிக்குச் செல்வநாதனின் செல்லிலிருந்து போன் போட்டார்கள். முப்பது நிமிஷம் ஒரு புல்லாங்குழல் வாசித்தது. பின்னர் ஒரு பெண் குரல், தமிழிலேயே கேட்டது.

"அக்கவுண்ட் ஹோல்டர்கிட்ட பேசலாமா சார்?"

"அவரு பேசற நெலமையில இல்லீங்க."

"எப்ப ஃப்ரீயா இருப்பார் சார்?"

பிராங்கிளின் பெட்டியைப் பார்த்தான்.

"இனிமே எப்பவும் ஃப்ரீதாங்க. எறந்துட்டாரு. நேத்து."

சற்று நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம். இதற்கு எந்தப் பொத்தான் என்று தேடுகிறாள் போலும்.

"ரொம்ப சாரி சார். புது பாஸ்வேர்டு அவரோட மெயிலுக்கு அனுப்பிடறோம் சார்."

"மெயில் பாஸ்வேர்டும் அவருக்குத்தாங்க தெரியும்."

"அப்படின்னா அவர் கையெழுத்து போட்டு ஒரு லெட்டர்... சாரி சார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டும் அனுப்புங்க சார். ஏழு வேலை நாள்ல பண்ணிடறோம்."

"எங்களாண்ட ரெண்டு மணி நேரந்தான் கீது."

"புரியுது சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேறு உதவி எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. மணி இரண்டே கால் ஆகியிருந்தது. அக்கா நான்காவது முறையாகப் போன் செய்துவிட்டாள். இந்த முறை அவள் எதையும் கேட்கவில்லை. "ம்" என்றாள். அவனும் "ம்" என்றான். வைத்துவிட்டாள்.

அதுவரை அவனுக்குள் இருந்தது ஒரு ஆர்வம்தான். கடிகாரத்தைத் திறந்து பார்ப்பது போல, இந்த மனுஷர் இந்த மூலையில் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்கிற ஆர்வம். அந்த "ம்"முக்குப் பிறகு அது போன இடம் தெரியவில்லை. அலமாரியைக் குடைந்து சட்டைகளைத் தரையில் போட்டான்.

"அந்த ஹோஸ்டிங் பேப்பர எங்கதான் வெச்சித் தொலச்சாரு!"

சொன்னது கொஞ்சம் உரக்க விழுந்துவிட்டது. கூடத்தில் ஜெபமாலை நின்றது. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா இருதயம்மாள், மணியைப் பிடித்த விரலை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடா தேடற நீ?"

"ஒனக்குத் தெரியாதுமா. ஹோஸ்டிங் பேப்பரு."

"ஓஸ்திப் பேப்பரா?"

"ஹோஸ்..."

"காலைலேர்ந்து அத்தயா தேடிக்கினு கீற? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டா இன்னாடா?"

எழுந்தாள். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தாள். ஞானஸ்நானச் சான்றிதழ்கள், ஜெசிந்தாவின் புதுநன்மை மெழுகுவத்தியின் மிச்சம், வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, நான்காக மடித்த ஒரு தாள்.

பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்துக்கு ராயபுரத்துப் பழைய ஆட்கள் வாயில் ஓஸ்தி என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருள்நாதன் இந்தத் தாளை நீட்டி, "இது ஹோஸ்டிங் பேப்பரு, பத்ரமா வையி. வருசா வருசம் கட்டணும்" என்று சொல்லியிருக்கிறார். இருதயம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளுக்குக்கூட இழுத்துக்கொண்டு போகவேண்டிய மனுஷர், கோயில் அப்பச் செலவை ஏற்றுக்கொண்டுவிட்டார்! மடத்து சிஸ்டரிடமும் சொன்னாள். சிஸ்டர், "ஆண்டவர் ஒங்க குடும்பத்த ஆசீர்வதிப்பார்" என்றார். இல்லை என்று சொல்ல சிஸ்டருக்கும் காரணம் இருக்கவில்லை.

பிராங்கிளின் தாளைப் பிரித்தான். மேலே கம்பெனியின் பெயர். கீழே யூசர்நேம். அதற்குக் கீழே பாஸ்வேர்டு.

"அதானே?" என்றாள் அம்மா.

"அதேதாம்மா. கரெக்டான எடத்துல வெச்சிக்கிற."

*

பாஸ்வேர்டு கம்பெனியே கொடுத்த எட்டு எழுத்து. அர்த்தமில்லாத கூட்டம். நடுவில் ஒரு வட்டத்தின் மேல் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு.

"அடிச்சி வுட்டுக்கிறாரு. அது வேணாம்" என்றான் செல்வநாதன். அதை விட்டுவிட்டு மற்ற ஏழையும் அடித்தான். தவறு என்றது திரை. 'ஓ' என்ற எழுத்தாக அடித்தான். தவறு. இன்னும் ஒருமுறை தவறினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குக் கதவு பூட்டப்படும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது.

செல்வநாதன் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நானு தொடமாட்டேம்பா."

லூயிஸ் மாமா பின்னால் வந்து நின்றார். ஞானஸ்நானத்தின்போது பிராங்கிளினைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். துறைமுகத்தில் அருள்நாதன் கிரேனுக்குக் கீழே நின்று கைசாடை காட்டியவர். காலையிலிருந்து சாவு வேலை முழுவதையும் அதே கைசாடையில் நடத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா பிராங்கி இங்கியே குந்திக்கினு கீற? மூணே கால் ஆவுது. சாமியார் வந்துருவாரு. சொந்த புள்ள நீ, தலமாட்டாண்ட இல்லாம..." என்றவர் தாளை எட்டிப் பார்த்தார். "இது இன்னா, கன்டெய்னர் நம்பரா?"

"ஏன் மாமா?"

"பூஜ்யத்துக்குக் குறுக்கால கோடு போட்டுக்கிறானே. கன்டெய்னர்ல எழுத்தும் வரும் நம்பரும் வரும். 'ஓ' எது பூஜ்யம் எதுன்னு கொழம்பிப் போயி, ஒரு தபா கொழும்பு பொட்டிய சிங்கப்பூர் கப்பல்ல ஏத்திட்டோம். அப்பாலேர்ந்து ஒங்கப்பன் பூஜ்யம் எழுதுனா கோடு போடாம எழுதமாட்டான். பால் கணக்குல கூட."

பிராங்கிளின் ஒற்றை விரலால் எட்டையும் அடித்தான். எட்டில் ஐந்தாவது பூஜ்யம்.

கதவு திறந்தது.

உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு பெயர், அதன் எதிரே ஒரு கட்டத்தில் நேற்றைய நம்பர். அதை அழித்துப் புது நம்பரை எழுதினான். சேமி என்ற பொத்தானை அழுத்தினான். அப்பா நோட்டில் இத்தனை பக்கமாகச் செய்துவந்த காரியம் அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு நோட்டை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு எழுதிவைத்தான். ஏன் எழுதினான் என்று அவனுக்கே தெரியவில்லை. நம்பரில் இருந்த பூஜ்யத்துக்கு ஒரு கோடும் போட்டான்.

"மாமா, அஞ்சி நிமிசம்."

"எதுக்கு?"

"பழச மறக்கறதுக்கு."

லூயிஸ் மாமா அவனை ஒருமாதிரி பார்த்தார். துக்கத்தில் பேசுகிறான் என்று விட்டுவிட்டார்.

ஐந்து நிமிஷம். செல்வநாதன் வாட்சைப் பார்த்தபடி நின்றான். பெண்கள் ஜெபமாலையில் நாலாம் தேவ ரகசியத்துக்குப் போனார்கள். வெளியே வாழைத்தாரும் மைக்கும் வந்திறங்கின. குவைத்திலும், நடுவில் இருக்கிற கடல் முழுக்கவும், உலகம் ஒரு பழைய நம்பரை மறந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது.

"தெரியுதுடா" என்றாள் ஜெசிந்தா.

பிராங்கிளின் செல்வநாதனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். செல்வநாதன் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தான்.

"நாக்காலி தெரியுது" என்றாள் அவள். "காலியா கீது."

பிராங்கிளின் திரும்பிப் பார்த்தான். காமிரா கூடத்தைப் பார்க்கவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவர் ஓரமாக, காற்றாடிக் காற்று எட்டாத அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலியை மட்டும்.

"அக்கா, நீ டெய்லி இன்னாத்த பாப்ப இதுல?"

"நைனா பேப்பர் படிக்கறத."

அவன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

"இங்க மூணு மணிக்கு டூட்டி முடியும். ஆள் மாத்தி வுட அரமணி ஆவும். அதுவரிக்கும் பாப்பேன். ஒரு நாளும் நிமிந்து பாக்கமாட்டாரு. ஒரே பக்கத்தையே படிப்பாரு. நான் பாக்கறேன்னு அவருக்குத் தெரியும். போன்ல பேசனா ரெண்டு பேருக்கும் பேச்சு வராது, அதனால இப்பிடி. கெளம்பறப்ப ஒரு மிஸ்டு கால் குடுப்பேன், பாத்துட்டேன்னு." தள்ளுவண்டி மறுபடி உருண்டது. "நேத்து பேப்பர் கீழ வுழுந்துச்சிடா. தூங்கிட்டாருன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த பொண்ணக் கூப்ட்டு காமிச்சேன், எங்க நைனா தூங்கறாரு பாருன்னு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறந்தான் மிஸ்டு கால் குடுத்தேன்."

மணி மூன்றரை.

"இருக்கா. லைன்லயே இரு."

காமிராவைத் திருப்பப் போனான். அது திரும்பவில்லை. இரும்புத் தகட்டில் நான்கு போல்ட், மேலே வெல்டிங் வேறு. "நாந்தான் அடிச்சிக் குடுத்தேன்" என்றார் லூயிஸ் மாமா, ஓரளவு பெருமையாகவே. "புயலே வந்தாலும் அசையக்கூடாதுன்னான்."

"அப்ப பெட்டிய நவுத்துங்க மாமா."

"எங்க?"

"அதோ, நாக்காலி கீற எடத்துல."

"சாமியார் வர்ற நேரத்துல இன்னாடா பேஜாரு..." என்று ஆரம்பித்தவர், அவன் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தார். சுவரில் தான் அடித்த காமிராவைப் பார்த்தார். வலது கையை உயர்த்தி இரண்டு விரலை மடக்கினார். நான்கு பேர் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். கையைப் பக்கவாட்டில் அசைத்தார், பெட்டி நகர்ந்தது. உள்ளங்கையைக் கீழே காட்டினார், மெல்ல இறங்கியது. எத்திராஜ் ஒயரைப் பிடித்தபடி கூடவே ஓடினான். மிக்சி பாயிண்டில் கை வைக்க வந்த சித்தியைச் செல்வநாதன் கதவை மறித்துக்கொண்டு நிறுத்தினான்.

"தலப்பக்கம் பெட்டிக்கு அடியில ஒரு பலகைய வைங்க" என்றான் பிராங்கிளின். "மொகம் தெரியணும்."

அருள்நாதன் தம்முடைய இடத்துக்கு வந்து சேர்ந்தார். முழுக்கை வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தது.

பிராங்கிளின் ரிசீவரைக் காதில் வைத்தான்.

"தெரியுதாக்கா?"

"கண்ணாடி போடுடா அவருக்கு" என்றாள் ஜெசிந்தா. "கண்ணாடி இல்லாம யாரோ மாதிரி கீறாரு."

பிராங்கிளின் அம்மாவிடம் சொன்னான். ஏன், எதற்கு என்று இருதயம்மாள் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த படிக்கிற கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பெட்டியின் மேல்மூடியை எத்திராஜ் தூக்கிப் பிடிக்க, காதுக்குப் பின்னால் நிதானமாக மாட்டிவிட்டாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். வீட்டில் இரண்டு வருஷமாக இருந்த ஒன்றை முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஜெசிந்தா, "போதும்டா" என்றாள்.

*

திங்கட்கிழமை பகலில் இரண்டு முறை கரண்ட் போனது. பிராங்கிளின் இரண்டு முறையும் நோட்டில் எழுதினான், உள்ளே போய் மாற்றினான். செல்வநாதன் அந்தத் தானாக மாற்றும் சாப்ட்வேரை சிடியில் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அது மேசைமேல் உறை பிரிக்காமல் கிடந்தது.

ஐந்து இருபத்தைந்துக்கு முகம் கழுவி, காலேஜ் விழாவுக்காகத் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். காற்று எட்டவில்லை. காலையில் படித்த பேப்பரை விரித்தான். எழுத்து சரியாகத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் அம்மா வந்தாள். தலை சீவி, வெளுத்த சேலை உடுத்தியிருந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரையை உருவத் தொடங்கினாள்.

"எம்மா நேரம் குந்தணும்?" என்றாள் குரலைத் தாழ்த்தி.

"ஆறு வரிக்கும்."

"அந்தக் காமிராவப் பாக்கலாமா?"

"பாக்கக்கூடாது போலக் கீது."

இருவரும் பார்க்கவில்லை. கீரை உருவும் சத்தம் மட்டும் கேட்டது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

பிராங்கிளின் வாயைத் திறந்தான்.

"ராங் நம்பரு" என்றாள் இருதயம்மாள், தலை நிமிராமல். உருவிய காம்பைக் கீழே போட்டுவிட்டு அடுத்த இணுக்கை எடுத்தாள்.